பலகை வண்டி மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றைத் தனி ஆளாகத் தூக்கியவர்களுக்குத் தெரியும், ஆளை வாட்டுவது எடை மட்டும் இல்லை, அகலமும்தான். 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று ஏறத்தாழ 30 முதல் 37 கிலோ வரும். அதே தடிமனில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 40 கிலோவை நெருங்கும். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு சுமார் 25 கிலோ. இதையே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். பலகையாக இருக்கும்போது கை எட்டாது, முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, காற்று அடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும். அதனால் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் பலர் ஒரு கட்டத்தில் தாங்களே ஒரு வண்டியைச் செய்துகொள்கிறார்கள். பெரும்பாலும் செய்த மறுநாளே அது மக்கர் பண்ணத் தொடங்கும்.

வீட்டில் செய்யும் வண்டிகள் இரண்டு வகை. ஒன்று, நடுவில் ப வடிவக் காடியும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரமும் உள்ள சிறிய வண்டி. ஒன்றிரண்டு ஷீட்டை நீளவாக்கில் நிற்க வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு தள்ளிப் போகலாம். இதைக் காடி வண்டி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று நாலு சக்கரமும் சாய்ந்த முதுகும் உள்ள பெரிய வண்டி. பத்துப் பதினைந்து ஷீட்டைச் சாய்த்து அடுக்கலாம். இது சாய்வு வண்டி.

வண்டி கெட்டால் எல்லோருக்கும் கை முதலில் போவது சக்கரத்துக்குத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கு என் பெட்டியில் கழற்றிப் போட்ட சக்கரங்கள் ஏழெட்டு கிடக்கின்றன, அவற்றில் கெட்டது ஒன்றுதான். மற்றதெல்லாம் எடை எங்கே விழுகிறது என்று பார்க்காமல் நான் செய்த வேலையின் சாட்சி. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடை இப்போது எங்கே இறங்குகிறது?

பலகை பக்கவாட்டில் ஆடுகிறது, கையை விட்டால் சாய்கிறது

காடி வண்டியில் அதிகம் வரும் புகார் இது. காடியின் அகலத்தை அளந்து பாருங்கள். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று 25 மி.மீ. விட்டிருப்பீர்கள். அதில் 18 மி.மீ. பலகையை நிறுத்தினால் 7 மி.மீ. இடைவெளி மிஞ்சும். ஏழு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். காடியின் ஆழம் 10 செ.மீ. என்றால் பலகை 4 டிகிரி சாயும். நாலடி உயரத்தில் பலகையின் மேல் விளிம்பு எட்டரை செ.மீ. வெளியே வந்துவிடும். அடுத்த பக்கம் சாயும்போது இன்னொரு எட்டரை. கையில் தெரியும் ஆட்டம் இதுதான்.

இதற்கு இரண்டு வழி. காடியை ஆழமாக்கலாம். அதே 7 மி.மீ. இடைவெளி 20 செ.மீ. ஆழக் காடியில் பாதி ஆட்டத்தைத்தான் தரும். அல்லது இடைவெளியை அடைக்கலாம். நான் ஒரு சரிவான மர ஆப்பை நூல் கட்டி வண்டியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். பலகையை வைத்ததும் ஆப்பைச் செருகி ஒரு தட்டு. எந்தத் தடிமனுக்கும் பொருந்தும், தொலைந்தும் போகாது.

ஆப்பு வைத்த பிறகும் ஆடுகிறது என்றால், ஆடுவது பலகை இல்லை, வண்டியே. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நீளவாக்கில் நிற்கும் பலகையின் எடை மையம் அதன் பாதி உயரத்தில், அதாவது 61 செ.மீ.யில் இருக்கும். வண்டியின் தரை உயரத்தையும் சேர்த்தால் 70 செ.மீ. என்று கொள்ளலாம். சக்கரங்களுக்கு நடுவே 20 செ.மீ. மட்டும் இருந்தால் 8 டிகிரி சாய்ந்ததும் எடை சக்கரத்துக்கு வெளியே போய்விடும், அப்புறம் அதைப் பிடிப்பது உங்கள் தோள்பட்டைதான். 30 செ.மீ. இருந்தால் 12 டிகிரி வரை தாங்கும். 40 செ.மீ. இன்னும் நல்லது, ஆனால் நடக்கும்போது கணுக்காலில் இடிக்கும். என் கணக்கில் 30 முதல் 35 செ.மீ. போதும்.

4 மி.மீ., 6 மி.மீ. ஷீட்டுகள் வேறு கதை. அங்கே வண்டி நன்றாகவே இருக்கும், பலகைதான் பாம்பு மாதிரி நெளியும். மூன்று நாலு ஷீட்டைச் சேர்த்து வைத்து மேல் விளிம்பில் இரண்டு கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் ஒரு நீளமான ரீப்பர் கட்டையைக் கூட வைத்துப் பிடித்தாலே போதும்.

முன்பக்கம் கீழே குத்துகிறது, அல்லது பின்பக்கம் தரையில் இடிக்கிறது

காடி வண்டிக்கு அச்சு ஒன்றுதான். அதனால் அது சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடத்தான் செய்யும், குற்றம் அதன் மேல் இல்லை. வண்டி பலகையின் நடுவில் இல்லை, அவ்வளவுதான். எட்டடிப் பலகையின் நடு 122 செ.மீ. பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வையுங்கள்.

ஆனால் சரியாக நடுவில் வைப்பதும் சரியில்லை. அப்படி வைத்தால் சின்னக் கல் தட்டினாலும் மூக்கு குத்தும். வண்டியை நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. முன்னால் தள்ளி வையுங்கள். பின்பக்கம் கொஞ்சம் கனக்கும். 35 கிலோ பலகையில் உங்கள் கைக்கு வருவது ஒன்றரை கிலோகூட இல்லை. ஆனால் மூக்கு எப்போதும் தூக்கியபடியே இருக்கும்.

ஒரு பக்கமாகவே இழுக்கிறது

இந்தக் கோளாறில்தான் ஆட்கள் தேவையில்லாமல் சக்கரம் மாற்றுகிறார்கள். காடி வண்டியில் இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. தரையில் சுண்ணாம்பு நூலால் மூன்று மீட்டர் கோடு அடியுங்கள். ஒரு பலகையை வைத்து, கோட்டின் மேலே மெதுவாகத் தள்ளி, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். பிறகு பலகையோடு வண்டியைத் திருப்பி, அதே கோட்டில் திரும்பி வாருங்கள்.

போகும்போதும் வரும்போதும் ஒரே சுவரின் பக்கம் விலகினால் அது தரையின் சரிவு. வண்டியைத் தொட வேண்டாம். போகும்போது உங்கள் இடது கைப் பக்கம், வரும்போதும் இடது கைப் பக்கம் என்றால் கோளாறு வண்டியில்தான்.

சரி, வண்டியில் எங்கே? பலகையை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி தள்ளுங்கள். இழுக்கும் கை மாறினால், அதாவது இடதில் இழுத்தது இப்போது வலதில் இழுத்தால், ஒரு சக்கரம்தான் காரணம். ஒன்று அது மற்றதைவிடச் சிறியதாக இருக்கும், இல்லை இறுக்கமாகச் சுற்றும். காற்று டயர் என்றால் ஒன்றில் காற்று குறைந்திருக்கும். இழுக்கும் கை மாறவே இல்லை என்றால் சக்கரங்கள் நல்லவை. அச்சு காடிக்குச் செங்குத்தாக இல்லை. கோணலான அச்சைத் திருப்பி வைத்தாலும் அதே பக்கம்தான் கோணலாக நிற்கும், அதனால்தான் கை மாறுவதில்லை.

அச்சு 30 செ.மீ. நீளத்தில் ஒரு முனையில் 5 மி.மீ. விலகியிருந்தால் ஏறத்தாழ ஒரு டிகிரி கோணல். மூன்று மீட்டர் தள்ளினால் 5 செ.மீ. ஓரம் போகும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைக் காடியின் சுவரில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். அச்சுத் துளையை ஒரு பக்கம் நீள்வட்டமாக அரத்தால் ராவி, அச்சை நேராக்கி, பெரிய வாஷர் போட்டு இறுக்கினால் முடிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் குட்டை அச்சு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு, ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகவும் இருக்க வேண்டும். ஒரே நீளக் கம்பியைக் குறுக்கே விடுவதுதான் நிம்மதி.

தள்ளவே முடியவில்லை

வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம். கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அல்லது நூல், முடி, சாக்குப் பிரி ஏதாவது அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு ஒருமுறை பத்து நாள் வண்டி கனத்தது. கிரீஸ் போட்டேன், எண்ணெய் விட்டேன், பயனில்லை. கடைசியில் சக்கரத்தைக் கழற்றினால், பலகைக் கட்டிலிருந்து அவிழ்த்து எறிந்த பிளாஸ்டிக் நாடா அச்சோடு உருகி ஒட்டியிருந்தது. பட்டறையில் மரத்தூளும் சேரும். எண்ணெயும் தூளும் கலந்தால் பசை ஆகிவிடும், அதனால் எண்ணெய் விடுவதற்கு முன் துடைப்பது முக்கியம்.

வெறும் வண்டி நன்றாக ஓடி, சுமை ஏற்றியதும் மட்டும் கனத்தால், சக்கரத்தின் மேல்பரப்பு மிருதுவானது. ரப்பர் எடையில் நசுங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும். நைலான் லேசாக ஓடும், ஆனால் சத்தம் போடும், ஒவ்வொரு கல்லின் அதிர்வையும் பலகைக்குக் கொண்டுபோகும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் நடுவில். வழவழப்பான தரையில் பெரிய சுமைக்கு நான் அதைத்தான் போடுவேன். மண் தரைக்கு எந்தக் கெட்டிச் சக்கரமும் ஆகாது. அகலமான காற்று டயர் வேண்டும், இல்லையென்றால் பழைய பிளைவுட் துண்டுகளைப் பாதையாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

சுமை ஏற்றி வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி, தள்ளும்போது டக் டக் என்று குதித்தால், மிருதுவான சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. லேசாக இருந்தால் ஓட ஓடச் சரியாகும். ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். வண்டி என்பது பலகை அடுக்கிவைக்கும் அலமாரி இல்லை.

நிலைப்படியில் முட்டி நிற்கிறது

இதற்கு ஒரே பதில் சக்கரத்தின் விட்டம். ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள படி விளிம்பில் ஏறுவதற்கு, அச்சு உயரத்தில் நேராகத் தள்ளினால் எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போடலாம். 50 மி.மீ. விட்டச் சக்கரத்துக்கு, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைப் போல் 1.3 மடங்கு. 100 மி.மீ. சக்கரத்துக்கு முக்கால் பங்கு. 200 மி.மீ. சக்கரத்துக்குப் பாதிக்கும் கீழே. இரண்டு அங்குலச் சக்கரம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் சரி, அது வழவழப்பான தரையில் நாற்காலிக்கு லாயக்கு, பலகைக்கு இல்லை. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சக்கரம் மாற்ற முடியாதென்றால், படியின் இரண்டு பக்கமும் சரிவாகச் சீவிய கட்டையைப் போடுங்கள். சாய்வு வண்டியைக் கொஞ்சம் கோணலாகக் கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவதும் உதவும், சுமை குறைவாக இருந்தால் மட்டும். அடுக்கு நிறைய இருக்கும்போது இதைச் செய்தால் அடுத்த அறிகுறிக்கு நேராகப் போய்ச் சேர்வீர்கள்.

சாய்வு வண்டி கவிழப் பார்க்கிறது

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் சரிசெய்ய வேண்டும். பத்து பிளைவுட் ஷீட் என்றால் 350 கிலோ. இருபது ஜிப்சம் போர்டு என்றால் அரை டன். அது சாயத் தொடங்கினால் மனிதக் கையால் நிறுத்த முடியாது. நிறுத்தவும் பார்க்காதீர்கள். விலகி நில்லுங்கள், பலகை உடைந்தால் உடைந்து போகட்டும். பக்கத்தில் நின்று "பிடி, பிடி" என்று சொல்பவர் யாராவது இருந்தால், சுமை ஏற்றுவதற்கு முன்பே அவருக்கும் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள்.

இப்போது சோதனை. வண்டியில் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு அடுக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். வெளிப்பக்கம் கடைசியாக நிற்கும் பலகையின் பாதி உயரத்திலிருந்து தூக்குகுண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு தரையைத் தொடும் இடம் சக்கரங்கள் நிற்கும் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். கடைசிப் பலகைக்கே உள்ளே விழுந்தால் முழு அடுக்கின் எடையும் தாராளமாக உள்ளேதான் இருக்கும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சுழலும் காஸ்டர் சக்கரம் தரையைத் தொடும் இடம், அதன் சுழல் ஆணிக்கு நேர் கீழே இருக்காது. மூன்று நாலு செ.மீ. தள்ளி இருக்கும். சக்கரம் வெளியே பார்த்து நிற்கும்போது வண்டி அகலமாக இருக்கும், உள்ளே திரும்பிக்கொண்டால் அதே வண்டி ஒவ்வொரு பக்கமும் ஆறு, எட்டு செ.மீ. ஒடுங்கிவிடும். தள்ளும்போது நன்றாக இருந்த வண்டி பின்னால் இழுக்கும்போது மட்டும் ஆட்டம் காட்டுவது இதனால்தான். ஆகவே சக்கரங்களை உள்பக்கம் திருப்பிவிட்டு அளந்து பாருங்கள்.

குண்டு வெளியே விழுகிறதா? அடித்தட்டை அகலப்படுத்துங்கள், அல்லது முதுகின் சாய்வைக் கூட்டுங்கள். செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்ந்த பலகையின் எடை மையம், அதன் அடி விளிம்பிலிருந்து பத்து செ.மீ.க்கு மேல் உள்ளே போகும். 5 டிகிரியில் அதில் பாதிதான். அதற்கும் வழியில்லை என்றால் அடுக்கைக் குறைக்க வேண்டியதுதான்.

இரண்டு பக்கமும் சாய்க்கும் கூடார வடிவ வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்றும்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சரியாகத்தான் ஏற்றுவார்கள். இறக்கும்போது மறந்துவிடுவார்கள். வேலைக்கு வசதியான பக்கத்திலேயே வரிசையாக உருவிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எதிர்ப் பக்கத்து அடுக்கு வண்டியோடு மல்லாந்துவிடும்.

கவிழவில்லை, ஆனால் பலகைகளின் அடி வெளியே நழுவி வருகிறதா? பலகைகளின் அடியை ஏந்தும் தட்டையை, அதாவது அவை உட்காரும் அடிப்பலகையைப் பாருங்கள். முதுகு சாய்ந்திருக்க, தட்டை மட்டும் தரைக்கு மட்டமாக இருந்தால் பலகை தன் கூர்விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் நிற்கும். தட்டை முதுகுக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். அதாவது தட்டையும் அதே 10 டிகிரி உள்நோக்கிச் சாய வேண்டும். தட்டைக்கும் முதுகுக்கும் இடையில் மூலைமட்டம் உட்கார்ந்தால் சரி. ஓரத்தில் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு வரம்புக் கட்டை அடித்தால் இன்னும் நல்லது.

அப்புறம், நகர்த்துவதற்கு முன் பட்டை போட்டுக் கட்டுங்கள். பத்தடி தூரம்தானே என்று விடுகிற அந்தப் பத்தடியில்தான் கல் இருக்கும்.

நாலு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடவில்லை

சட்டம் முறுக்கியிருக்கும், அல்லது தரை சமமில்லை. வண்டியை அறையின் வேறு மூலைக்குத் தள்ளிப் பாருங்கள். அதே சக்கரம் தூக்கியே நின்றால் சட்டம். குறுக்கும் நெடுக்குமாக, மூலைக்கு மூலை, இரண்டு நூல் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் லேசாகத் தொட்டுக்கொண்டால் சட்டம் மட்டமாக இருக்கிறது. இடைவெளி தெரிந்தால் முறுக்கல். சட்டத்தைப் பிரிப்பதைவிடத் தூக்கி நிற்கும் சக்கரத்தின் தகட்டுக்கு அடியில் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து நிரவுவது சுலபம். தகடு கோணலாக உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோணலாக உட்கார்ந்தால் சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அந்த மூலை ஏறி இறங்கும்.

எப்படியும் நாலு சக்கர வண்டியில் எடையை நாலால் வகுத்துச் சக்கரம் வாங்காதீர்கள். மேடு பள்ளத்தில் மூன்றுதான் சுமக்கும். 350 கிலோ பலகை, 30 கிலோ வண்டி, ஆக 380. மூன்றால் வகுத்தால் ஒரு சக்கரம் குறைந்தது 127 கிலோ தாங்க வேண்டும்.

சக்கரம் பிடுங்கிக்கொண்டு வருகிறது

எனது முதல் வண்டி இப்படித்தான் முடிந்தது. மிச்சம் கிடந்த பார்ட்டிகிள் போர்டில் மரத் திருகுகளால் காஸ்டரை முடுக்கியிருந்தேன். மூன்றாம் நாள், பாதி வழியில், ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது. திருகுகள் நாலும் அப்படியே காஸ்டரோடு வந்திருந்தன, துளையில் வெறும் தூள்.

காஸ்டரை ஊடுருவும் போல்ட்டால்தான் மாட்ட வேண்டும். மேலே அகல வாஷர், கீழே நைலான் வளையம் வைத்த நட்டு. பிளைவுட்டின் விளிம்பில் திருகு ஏற்றி எந்தச் சுமையையும் தொங்கவிடாதீர்கள், அடுக்குகள் பிளந்துகொள்ளும். ஒற்றைத் தண்டைத் துளையில் செருகும் வகைக் காஸ்டர்கள், வண்டியைத் தூக்கும்போது கழன்று விழும். தகடு வகையே நல்லது.

காடி வண்டியில் இதற்கு இணையான கோளாறு அச்சு வளைவது. சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து நின்றால் அச்சு தொய்ந்துவிட்டது. முழு நீளமும் மரை வெட்டிய கம்பியை அச்சாகப் போட்டவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மரையின் பள்ளம் கம்பியை மெலிய வைக்கிறது, மரையின் மேடு சக்கரத்தின் துளையை அரம் மாதிரி தேய்க்கிறது. வழவழப்பான உருண்டைக் கம்பியைப் போட்டு, முனையில் மட்டும் மரை இருக்கட்டும். 12 மி.மீ. கம்பி வளைந்தால் 16 மி.மீ. போடுங்கள். வளையாமல் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், நாலே மில்லிமீட்டர் கூட்டினாலும் பலம் ஏறத்தாழ 2.4 மடங்கு ஆகும். அதைவிட மலிவான வைத்தியம், சக்கரத்தை வண்டியின் உடம்புக்கு நெருக்கமாகத் தள்ளுவது. நடுவில் இரண்டு வாஷருக்கு மேல் இடம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

தானே கவ்வும் வண்டி கவ்வவில்லை, அல்லது அடி உரசுகிறது

இரண்டு பாதியாகச் செய்து, அடியில் கீலால் இணைத்து, பலகையின் எடை விழுந்ததும் தாடை மூடிக்கொள்ளும் வகை இது. எடை கீலின் மேல் நேராக விழுந்தால்தான் தாடை மூடும். பலகை ஒரு பக்கப் பாதியின் மேல் உட்கார்ந்தால் வண்டி சும்மா நிற்கும். எடை விழும்போது நடுப்பகுதி தரையை நோக்கி இறங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். சுமையோடு கீலுக்கும் தரைக்கும் இரண்டு விரல் இடைவெளி இல்லையென்றால், பெரிய சக்கரம் போடுங்கள், அல்லது தாடைக்குள் ரப்பர் பட்டை ஒட்டிப் பிடி சீக்கிரம் விழும்படி செய்யுங்கள். சாதாரணக் கதவுக் கீல் இதற்குத் தாங்காது. நீளமான பியானோ கீல் வேண்டும்.

வண்டி ஒரு வழி, பலகை ஒரு வழி

சக்கரம் கல்லில் தட்டி நிற்க, பலகை மட்டும் காடிக்குள் வழுக்கி முன்னால் போய்விடும். லேமினேட் ஒட்டிய பலகை இதில் மகா மோசம். காடியின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் பிடிமானம் வரும். அதே டியூப் பலகையின் விளிம்பு சிதையாமலும் காக்கும். விளிம்பு உடைகிறது என்று தனியாகப் புகார் சொல்பவர்களுக்கும் இதுதான் மருந்து. ஜிப்சம் போர்டுக்கு மட்டும் டியூப் போதாது, விளிம்பு நசுங்கும். காடியின் அடித்தட்டை 40, 50 செ.மீ. நீளமாவது இருந்தால் எடை பரவி நிற்கும்.

சரிவில் இறங்கும்போது வண்டி முந்திக்கொண்டு ஓடுகிறது என்றால் அது கோளாறு இல்லை, அது அதன் வேலை. 12 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் 350 கிலோ அடுக்கு ஏறத்தாழ 29 கிலோ விசையில் கீழே இழுக்கும். மேலே நின்று கயிற்றால் பிடித்து இறக்குங்கள். கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

சுழல் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது

சுழல் ஆணி தளர்ந்திருக்கும். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். இறுக்க வசதியுள்ள காஸ்டர் என்றால் இறுக்கலாம், அடித்துக் கூட்டிய ஆணி என்றால் மாற்றத்தான் வேண்டும். நாலுமே சுழல் சக்கரமாக உள்ள வண்டி சரிவான தரையில் பக்கவாட்டில் வழுக்கிப் போவதும் இயல்பு. இரண்டை நிலையான சக்கரமாக மாற்றுங்கள். நிலையானவை முன்னால், சுழல்பவை நீங்கள் தள்ளும் பக்கம். திரும்ப முடியாத குறுகலான இடத்தில் மட்டும் நாலும் சுழல்வது வசதி.

பிரேக் போட்டும் வண்டி அசைகிறது என்றால், அந்தப் பிரேக் உருள்வதை மட்டும் நிறுத்துகிறது, சுழல்வதை நிறுத்தவில்லை. இரண்டையும் சேர்த்துப் பூட்டும் காஸ்டர் தனியாகக் கிடைக்கிறது. அதுவரை இரண்டு ஆப்புக்கட்டைகளைக் கயிற்றில் கட்டி வண்டியிலேயே தொங்கவிடுங்கள். பலகை ஏற்றும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொள்ளலாம்.